அர்த்தனாரி மாமா வீட்டு சீலிங்கில் என் கட்டில் கால்கள்

ஆனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா சாத்துக்குடிப் பையை என் தலைமாட்டில் வைத்துவிட்டு, "எல்லாம் அந்தப் போனுதாங் கண்ணு, அதையப் பாத்துப் பாத்துத்தான் உன்ற ரத்தமெல்லாஞ் சுண்டிப் போச்சு" என்று சொல்லி வாயை மூடியபோது, என் கட்டிலின் நான்கு கால்களும் தரைக்குள் ஒரு விரற்கடை இறங்கின. டைல்ஸ் உடையவில்லை, தூசி பறக்கவில்லை, இட்லி மாவுக்குள் கரண்டிக் காம்பு போவதுபோலச் சத்தமில்லாமல் இறங்கின. பெரியம்மா குனிந்து பார்த்தாள். "பாத்தியா சுலோச்சனா, எறங்கிருச்சு. அப்ப நாஞ் சொன்னதுதான் காரணம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தான் கொண்டுவந்த சாத்துக்குடியில் நல்லதாக இரண்டைத் தானே உரித்துத் தின்றுவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அவள் சொன்னதை வேலாத்தாள் நகர் முழுவதும் நம்பியது. எங்கள் ஊர் போர்வெல் வண்டிகளின் ஊர். வடக்கே எந்தச் சீமையில் எவனுடைய கிணறு வற்றினாலும் எங்கள் தெருக்களிலிருந்துதான் ரிக் வண்டி கிளம்பிப் போய்ப் பூமியைத் துளைக்கும், அப்படித் துளைத்துத் துளைத்து எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த ஞானம் ஒன்றே ஒன்று: எந்த இடத்தில் துளைக்கிற ராடு வழுக்கிக்கொண்டு இறங்குகிறதோ அதுதான் சரியான இடம். இந்த ஒரே ஞானத்தை வைத்துத்தான் பெண் பார்ப்பார்கள், பிள்ளையை எந்தக் காலேஜில் தள்ளுவது என்று முடிவெடுப்பார்கள், ஓட்டுப் போடுவார்கள். ஆகவே கட்டில் இறங்கினால் சொன்ன காரணம் சரி. மறுநாள் இன்னொருத்தர் வந்து வேறொரு காரணம் சொல்லி அதற்கும் இறங்கினால் அதுவும் சரி. எல்லாமே எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்கிற அறிவு மட்டும் எத்தனை அடி துளைத்தும் இவர்களுக்கு ஊறவில்லை.

என் பெயர் சம்யுக்தா, ப்ளஸ் ஒன். பங்குனியில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, அதோடு கூட வந்த அசதி மட்டும், ஊருக்குத் திரும்ப பஸ் இல்லை என்று சொல்லித் தங்கிவிடுகிற ஒறம்பரை மாதிரித் தங்கிவிட்டது. தூங்கினால் தீர்கிற அசதி அல்ல அது; தூங்கி எழுந்தால் படுக்கும்போது இருந்ததைவிடக் கொஞ்சம் வளர்ந்திருக்கும். குளித்தால் அன்றைக்குக் குளித்தது மட்டும்தான் நான் பார்த்த வேலை. கொஞ்சம் நடந்துவிட்டால் உடனே ஒன்றும் செய்யாது, நல்ல பிள்ளையாக மறுநாள் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு அதற்கடுத்த நாள் வந்து அடித்துப் போடும். பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் பி.டி. மிஸ், "ஒரே ஒரு ரவுண்டு ஓடு, எல்லாம் சரியாயிடும்" என்று கிரவுண்டில் ஓட விட்டார். ஓடினேன். அப்புறம் ஜன்னலுக்குப் போர்வை கட்டிய அறையில், தட்டில் கரண்டி படுகிற சத்தத்துக்குக்கூட அழுதுகொண்டு வாரக்கணக்கில் கிடந்தேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடமும் இல்லை, மாடிப்படியும் இல்லை, கட்டில்தான்.

அதற்கு முன்பு நான் யார் என்று எங்கள் பள்ளிக்கூடத்துத் தூணைக் கேட்டாலும் சொல்லும். ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் படிக்கட்டுக்கு அடியிலிருந்து, "பத்தாம் வகுப்பு பி பிரிவு மாணவிகள் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லி, ஒரு வகுப்பையே கேட்டைத் தாண்ட வைத்தவள். கெமிஸ்ட்ரி சாரின் மூக்கு, ஆயாவின் கட்டைக் குரல், பஸ் கண்டக்டரின் விசில், கோயில் மைக்கில் கூழ் ஊற்றும் நேரத்தை அறிவிக்கிறவரின் இழுவை, எல்லாம் என் தொண்டைக்குள் குடியிருந்தன. அசதி கையை எடுத்துக்கொண்டது, காலை எடுத்துக்கொண்டது, தொண்டையை மட்டும் விட்டுவைத்தது; அதையும் அளவாகத்தான் செலவழிக்க வேண்டும் என்றாலும், வருகிறவர்களை அவர்கள் குரலிலேயே சேர்த்து வைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. சரக்குக்குப் பஞ்சமும் இல்லை. எங்கள் ஊரில் சீக்காளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள், காரணம் சொல்லாமல் போக மாட்டார்கள். பழத்தை வைத்த கையோடு காரணத்தையும் வைத்துவிட்டுப் போவதுதான் மரியாதை.

ஒன்றுவிட்ட சித்தப்பா ரொட்டிப் பாக்கெட்டோடு வந்து, "புரோட்டாவாத் தின்னா ஒடம்புல எப்பிடிப் புள்ள சத்து நிக்கும்" என்றார், கட்டில் இறங்கியது. புரோட்டா என் தொண்டையில் இறங்கி வருஷமாகியிருந்தது. மருந்துக்கடைக்காரர் வந்து விட்டமின் என்றார், இறங்கியது, எதிர்வீட்டு அக்கா வந்து கண்ணேறு என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டுப் போனாள், மிளகாய் நெடியில் நான் இருமி முடிப்பதற்குள் இறங்கியது, தமிழய்யா வந்து இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிலாச்சோறு கிடையாது, கூட்டாஞ்சோறு கிடையாது என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய்த் திரும்பி வருவதற்குள் தவணை தவணையாக இறங்கியது. சின்னக் காரணத்துக்குச் சின்ன இறக்கம், பெரிய காரணத்துக்குப் பெரிய இறக்கம். கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த ஒரு மாமி, பெயர்கூட எனக்குத் தெரியாது, அம்மாவைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "லவ்வு கிவ்வு ஏதாச்சுமிருக்குமுங், சித்தெ விசாரிச்சுப் பாருங்" என்று என் காதில் விழுகிற அளவுக்கு ரகசியமாகச் சொன்னபோது, ஒரே மூச்சில் ஒரு சாண் இறங்கியது. நாங்கள் குடியிருப்பது மாடி வீடு. அந்தச் சாணில்தான் கட்டில் கால்கள் கீழ்வீட்டு ஹாலுக்குள் எட்டிப் பார்த்தன.

கீழ்வீட்டுக்காரர் அர்த்தனாரி மாமா, இந்த வீட்டுக்கும் சொந்தக்காரர். மூச்சு வாங்க மேலே ஏறி வந்தவர் அப்பாவைப் பார்த்து, "மாப்ள, உங்க புள்ளையோட கட்டில் காலு நாலும் என்ற சீலிங்குல தொங்குது" என்றார். "நல்லவேளைக்கு வடகெழக்கு மூலைங். தென்மேக்கா இருந்துச்சுன்னா வாஸ்துக்கு ஆகாது" என்று முடித்துவிட்டு, ஃபேன் இறக்கையில் இடிக்காமலிருக்க ஃபேனை மட்டும் தள்ளி மாட்டிக்கொண்டார். அவருடைய மருமகள் மேனகா அக்கா அன்று சாயங்காலமே ஒரு காலில் துணிக்கொடி கட்டினாள், மறுநாள் இன்னொரு காலில் சேலையைக் கட்டித் தூளி போட்டாள். ராத்திரியெல்லாம் கத்தித் தெருவையே எழுப்புகிற அவள் மகன் அந்தத் தூளியில் போட்டதும் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினான். மேலே இருக்கிறவளின் அசதி கால் வழியாகச் சொட்டுகிறது என்று சொன்னார்கள். அதற்கப்புறம் தூங்காத குழந்தை வைத்திருக்கிற வீட்டுக்காரர்களெல்லாம் சேலையும் கையுமாகக் கீழ்வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள். என் அசதி ஊருக்கே உபயோகமாக இருந்தது, எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

பார்க்க வருகிறவர்கள் இப்போது இரண்டு பிரிவாகப் பிரிந்து வந்தார்கள். பாதிப் பேர் மேலே வந்து காரணம் சொல்வார்கள், பாதிப் பேர் கீழே அண்ணாந்துகொண்டு நிற்பார்கள். மேலே இருந்து, "தைராய்டுங்" என்று ஒரு குரல் கொடுத்தால் கீழேயிருந்து, "எறங்குச்சு" என்று பதில் வரும். "குலதெய்வத்துக்குக் கெடா வெட்டாததுங்." "எறங்குச்சு." "ஏசி ரூம்ல டியூசன் படிச்சதுங்." "அட, அதுக்கும் எறங்குதப்பா." தாங்கள் சொன்னதற்கு இறங்காமல் போய்விடுமோ என்று தயங்கித் தயங்கி வந்தவர்கள்கூட இறங்கியதும் பரீட்சையில் பாஸானவர்கள்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்கள். நடுவில் ஒருத்தி படுத்திருக்கிறாள், அவளுக்குத் தாகமாக இருக்கலாம், திரும்பிப் படுக்க வேண்டியிருக்கலாம் என்று ஒரு ஜீவனுக்காவது தோன்ற வேண்டுமே.

என் அப்பா குப்புராஜ் ரிக் வண்டிக்காரர். கட்டில் இறங்க இறங்க அவருக்கு நம்பிக்கை ஏறியது. "எறங்கட்டும் விடு சுலோச்சனா, காரணந் தட்டுப்படற வரைக்கும் எறங்கித்தான ஆகோணும்" என்றார். கம்ப்ரசர் பக்கத்திலேயே வாழ்ந்த மனுஷன், அவர் மெதுவாகச் சொன்னாலே தெருமுனையில் கேட்கும். அவர் சும்மாவும் இருக்கவில்லை. என்னைக் காரில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் ரத்தம் எடுத்தார், மறுபடியும் எடுத்தார், படம் எடுத்தார், எல்லாவற்றையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல். பொண்ணு கொஞ்சம் ஆக்டிவா இருக்கணும், அவ்ளோதான்" என்றார். நாங்கள் ஊர் திரும்புவதற்குள், ஆளில்லாத கட்டில் டாக்டர் சொன்ன அதே நேரத்துக்குச் சரியாக இறங்கியதை மேனகா அக்கா பார்த்திருந்தாள். அடுத்து அப்பா, எந்தத் தோட்டத்தில் போர் போட்டாலும் தான் கூட்டிப்போகிற நீரோட்டம் பார்க்கிறவர் செங்கோடனையே கூட்டிவந்துவிட்டார். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு என் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் சுற்றிச் சுற்றி நடந்தார். தொப்புளுக்கு நேரே வந்ததும் தேங்காய் எழுந்து நின்றது. "இங்கதானுங் ஊத்து அடைபட்டிருக்குது. ஆனா எத்தினி அடியில தண்ணின்னு இப்பச் சொல்ல முடியாதுங்" என்று அவர் சொன்னதைக் கேட்டு என்னைத் தவிர எல்லோரும் கவலையோடு தலையாட்டினார்கள். நான் சிரித்த சிரிப்புக்கு மறுநாள் இல்லாமல் அதற்கடுத்த நாள் அனுபவித்தேன்.

ஆடி பிறந்த வாரத்தில் அப்பா என் கால்மாட்டில் உட்கார்ந்தார். "சாமி, மலையடிவாரத்துல ஆரோக்கியச் சோலைன்னு ஒரு முகாமு நடக்குது. வையாபுரி மாஸ்டருன்னு ஒருத்தரு. விடியக்காலம் நாலு மணிக்கு எழுப்பி மலையேத்தி ஓட உடறாரு. ஒரு மண்டலத்துல எல்லாச் சீக்கும் ஓடிப் போயிருதாமா."

"நான் ஓடுனா என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல அப்பா."

"அது ஒரு ரவுண்டு கண்ணு. பாதியில நிறுத்துனா எந்தக் குழியிலயும் தண்ணி வராது."

"நான் குழி இல்லப்பா."

அவர் டைல்ஸுக்குள் போயிருந்த கட்டில் காலை விரலால் அளந்தார். "ஆவணி மொதோ வெள்ளிக்கெழம வேன் வருது. அதுக்குள்ள ஒருத்தராச்சும் இதுதான் காரணம்னு அறுதியாச் சொல்லிட்டாங்கன்னா அனுப்பலை. இல்லீன்னா போய்த்தாஞ் சாமி ஆகோணும். நானும் எத்தினி நாளைக்கு இப்பிடியே பாத்துட்டு இருக்கறது?"

போனால் திரும்பி வர மாட்டேன் என்று எனக்குத் தெரியும். என் பெயரில் ஏதோ ஒன்றை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவார்கள், அது ஜன்னலுக்குப் போர்வை கட்டிய அறையில் கரண்டிச் சத்தத்துக்கு அழுதுகொண்டு கிடக்கும், நான் அதற்குள் இருக்க மாட்டேன். ஆகவே நானும் வெட்கமில்லாமல் காரணம் தேட ஆரம்பித்தேன். ஊரே இளித்துக்கொண்டு தேடியதை நான் பயந்துகொண்டு தேடினேன், அதுதான் வித்தியாசம். எல்லோரும் ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தனியாகப் படுத்துக்கொண்டு, சேர்த்து வைத்த குரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் காரணங்களையே எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் அளவு இறங்கியது, எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது. அப்போது, "நீ நடிக்கறே. உனக்கு ஒண்ணுமே இல்ல. சோம்பேறி நாயி" என்று ஒரு குரல் வந்தது. பெரியம்மா இல்லை, டாக்டர் இல்லை, அது யாருடைய குரல் என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன். தொண்டைக்குள் அப்படி ஒரு ஆளை நான் குடிவைக்கவே இல்லை, அது என் சொந்தக் குரலாகத்தான் இருந்தது. கட்டில் யாருக்கும் இறங்காத இறக்கம் இறங்கிப் பலகை தரையோடு தரையாக வந்து நின்றது. கீழே தூளியில் கிடந்த குழந்தை விழித்துக்கொண்டு வீல் என்று அழுதது.

கோயிலிலிருந்து திரும்பியதும் பெரியம்மா நேராக அம்மாவிடம் போனாள். படுத்த இடத்திலிருந்து எனக்குச் சமையல்கட்டு தெரியும், இப்போது தரைமட்டத்தில் கிடப்பதால் நன்றாகவே தெரியும். "உன்னையுஞ் சொல்லோணும் சுலோச்சனா. இவளை வயித்துல வச்சிருக்கறப்போ பழைய சோத்தையாத் தின்னு தொலைச்சே" என்றாள் பெரியம்மா. அடுப்பு முன்னால் நின்ற அம்மாவின் பாதம் இரண்டும் தரைக்குள் இறங்கின. அம்மா தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பழக்கம்போல இருந்தது. நடந்து போகும்போது சேற்று வயலில் உருவுவதுபோல ஒவ்வொரு காலையும் உருவி உருவி வைத்தாள். எத்தனை நாளாக இந்த வீட்டில் ஒரு பொம்பளை கணுக்கால் ஆழத்தில் நின்று தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறாள், அவள் உயரம் குறைந்ததை அவள் புருஷனும் கவனிக்கவில்லை, மகளும் கவனிக்கவில்லை. அர்த்தனாரி மாமாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. எங்கள் சமையல்கட்டுக்குக் கீழேதான் அவருடைய பூஜை அறை, சீலிங்கில் மெட்டியோடு இரண்டு பாதங்கள் வந்து வந்து போவதைப் பார்த்து மகாலட்சுமி என்று நினைத்து ஏணி போட்டு ஏறி மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார். "அதான் காலைக் கழுவுனாலும் மஞ்சக் கறை போகவே மாட்டேங்குது" என்றாள் அம்மா, நான் இதைச் சொன்னபோது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டிலில் ஒன்றும் இல்லை. எவர் தலையில் காரணத்தை வைத்தாலும் அவர் இறங்குவார், ஆள் அங்கே இல்லாவிட்டால் அவருடைய இடம் இறங்கும். இது தெரிந்த சந்தோஷத்தில் எனக்கு உடனே எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது, ஆடவில்லை, வெள்ளிக்கிழமைக்காக ஒரு வாரம் வாயையே திறக்காமல் தொண்டையைச் சேர்த்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வேன் வந்தது. வேனுக்கு முன்னாலேயே கூட்டம் வந்துவிட்டது, பாதி மேலே, பாதி கீழே. வையாபுரி மாஸ்டர் வெள்ளை பனியனும் விசிலும் பெரிய பூட்ஸுமாகப் படியேறி வந்தார். விடியக்காலம் மலையேறுகிறவருக்கு எங்கள் மாடிப்படியில் ஏன் அப்படி இரைத்தது என்று யாரும் கேட்கவில்லை. வலது முட்டியில் பட்டை கட்டியிருந்தார். என் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்து, மேடையில் பேசுவதுபோலத் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, உடம்பு என்பது ஒரு குதிரை. சாட்டை எடுத்தால்தான் ஓடும். உனக்கு நோய் எதுவும் கிடையாது. உன் நோயின் பெயர் சோம்பேறித்தனம்."

கட்டில் இறங்கியது. இறங்க இனிமேல் கால் இல்லை, நான்தான் இறங்க வேண்டும். டைல்ஸ் என் காதுமடலைத் தொட்டது, முதுகுக்கு அடியில் கான்கிரீட் குளிர்ந்த தயிர்போலப் பிளந்துகொண்டது. கீழேயிருந்து, "எறங்குச்சு" என்று கூச்சல் கேட்டது. நான் பெரியம்மாவின் குரலை எடுத்தேன்.

"ஏனுங் மாஸ்டர், முட்டியில பட்டை கட்டியிருக்கறீங்களே, வலிங்களா?"

கூட்டத்தில் நின்ற பெரியம்மா, தான்தான் கேட்டோம் என்று நினைத்துத் தலையை ஆட்டினாள். மாஸ்டர் அவளைப் பார்த்து, "பழைய அடி அம்மா, அது அப்படித்தான்" என்றார்.

"அதெல்லாம் இல்லீங். எல்லாம் அந்தப் போனுதானுங்" என்றேன், அதே குரலில்.

நாற்காலிக் கால்கள் ஒரு விரற்கடை இறங்கின. மாஸ்டர் கீழே பார்த்தார். நான் சித்தப்பாவாகி, "புரோட்டாவாத் தின்னா முட்டியில எப்பிடிங் சத்து நிக்கும்" என்றேன், அர்த்தனாரி மாமாவாகி, தென்மேற்கு பார்த்து உட்கார்ந்தால் முட்டி வலிக்காமல் என்ன செய்யும் என்றேன், டாக்டராகி, "எல்லாம் நார்மல், கொஞ்சம் ஆக்டிவா இருக்கணும், அவ்ளோதான்" என்றேன், கடைசியில் மாஸ்டராகவே ஆகி, அதே செருமலோடு, "உன் முட்டி வலியின் பெயர் சோம்பேறித்தனம்" என்றேன். நாற்காலி முழுசாக உள்ளே போய் மாஸ்டர் இடுப்பு வரைக்கும் தரையில் நின்றார். கீழேயிருந்து மேனகா அக்காவின் குரல் வந்தது: "மாமா, புதுசா ரெண்டு பூட்ஸ் காலு வந்திருக்குதுங். இதுலயும் கொடி கட்டிக்கலாங்களா?"

அதற்குமேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. என் சனங்களை எனக்குத் தெரியாதா. மாஸ்டர் ஏன் இறங்கினார் என்று ஒருத்தர் கேட்டதுதான் தாமதம், பத்து வாய் பதில் சொன்னது. வாய்வு. சனிப் பெயர்ச்சி. டைட்டான பனியன். சம்சாரத்தின் சாபம். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒவ்வொரு பிடி இறங்க, "பாத்தீங்களா, எறங்குது. அப்ப அதான்" என்று அடுத்தவன் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா டீ தம்ளரோடு வந்தாள். குனிந்து மாஸ்டர் கையில் தம்ளரைக் கொடுத்துவிட்டு, "இவுங்க வயித்துல இருக்கறப்போ இவுங்கம்மா பழைய சோறு தின்னிருப்பாங்களாட்ட இருக்குது" என்றாள், யாரிடமும் இல்லாமல், மெதுவாக. மாஸ்டர் மார்பு வரைக்கும் போய்விட்டார். அம்மா என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் அப்படி ஒரு போக்கிரிச் சிரிப்பு இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு இந்தக் கெட்ட புத்தி எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் அன்றைக்குக் காரணம் கிடைத்தது.

"அய்யா, சாமிகளா" என்றார் மாஸ்டர். மேடைத் தமிழ் எங்கே போனதோ தெரியவில்லை. "காரணமெல்லாம் அப்பறமாப் பேசிக்கலாமுங்க. மூச்சு முட்டுதுங்க. மொதல்ல என்னையக் கொஞ்சம் புடிங்க."

வாசல்படியில் நின்ற அப்பா அதைக் கேட்டார். அவர் முகத்தை நான் பார்த்தேன், ஆனால் அதற்குள் எனக்கு வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. ஒரு வாரம் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் செலவழித்திருந்தேன், அசதி இந்தமுறை அடுத்த நாளுக்கெல்லாம் காத்திருக்கவில்லை.

மாஸ்டரைக் கையால் இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. அப்பா தன் ரிக் வண்டியைத் தெருவுக்கு வரச் சொன்னார். டிரைவர் மாரி வண்டியை எங்கள் வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, ராடு தூக்குகிற கம்பிக் கயிற்றைப் பால்கனி வழியாக மேலே அனுப்ப, அதை மாஸ்டரின் அக்குளுக்கு அடியில் கட்டி இன்ஜினை முடுக்கினார்கள். அந்தச் சத்தம் எனக்குள் எப்படி நுழைந்தது என்று சொல்ல எனக்கு யார் குரலும் போதாது. வீடு அதிர்ந்தது, டைல்ஸ் அதிர்ந்து என் மண்டைக்குள் அதிர்ந்தது, கையைத் தூக்கிக் காதை மூட முடியவில்லை, கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. கூட்டம் மொத்தமும் மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சாண் மேலே வந்துவிட்டார் என்று கைதட்டினார்கள்.

பால்கனியில் நின்று மாரிக்குக் கையால் ஜாடை காட்டிக்கொண்டிருந்த அப்பா, எதற்கோ திரும்பினார், என்னைப் பார்த்தார். வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் வாய் திறந்தது. அதில் ஒரு காரணம் தயாராக இருந்தது, எனக்குத் தெரிந்தது, இத்தனை பேச்சுப் பேசினால் என்னத்துக்கு ஆகும் என்பதாக இருக்கலாம், அது உண்மையும்கூட. டைல்ஸோடு டைல்ஸாக இருந்த என் காதைப் பார்த்தார். வாயை மூடி அதை முழுங்கினார். தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது.

"சாமி" என்றார். "உனக்கு இப்ப என்ன வேணும்?"

எனக்குப் பேச வரவில்லை. கண்ணை மட்டும் பால்கனிப் பக்கம் திருப்பினேன்.

அவர் என் கண் போன பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "டேய் மாரி, இன்ஜினை நிறுத்து. அப்பிடியே அந்த வேன்காரனையும் போகச் சொல்லு, எங்க புள்ள வல்லே."

"ஏனுங்ணா" என்று கீழேயிருந்து மாரி கத்தினான். "பாதி ஆளு இன்னும் உள்ளதான இருக்கறாரு. இப்ப எதுக்குங் நிறுத்தோணும்?"

கூட்டம் முழுக்க அப்பாவைத் திரும்பிப் பார்த்தது, மாஸ்டரும் தலையைத் திருப்பிப் பார்த்தார். கீழே ஹாலில் நின்றவர்கள்கூடக் காரணம் கேட்க அண்ணாந்தார்கள்.

"சும்மாதான்டா" என்றார் அப்பா.